லிட்டருக்கு இருபது மீட்டர்: ஓரல்ஸுக்கு நான் படித்த விதம்

லீவில் நல்லம்பள்ளி வந்திருந்தபோது அப்பா கேட்டார்: "உங்க கப்பல் லிட்டருக்கு எவ்ளோ குடுக்குதுடா?" அவர் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். டீசல் கணக்கை இன்றும் நோட்டில் எழுதி வைப்பார்.

நான் அப்போது எம்.இ.ஓ. கிளாஸ் ஃபோர் (கப்பல் இன்ஜினியர் உரிமத்தின் முதல் படி) ஓரல்ஸில், அதாவது வாய்மொழித் தேர்வில், ஒருமுறை கோட்டை விட்டுவிட்டு, அடுத்த தேதிக்காகப் படித்துக்கொண்டிருந்தேன். மாட்டியது எரிபொருள் சிக்கனக் கேள்வியில். ஸீம்ப் (ஒவ்வொரு கப்பலும் வைத்திருக்க வேண்டிய எரிபொருள் சிக்கனத் திட்டம்) 2013 ஜனவரி 1 முதல் கட்டாயம். திட்டமிடல், செயல்படுத்தல், கண்காணித்தல், சுயமதிப்பீடு என நான்கு படிகள். எல்லாவற்றையும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தேன். "உன் கப்பல்ல ஒரு நாளைக்கு எவ்வளவு எரியும்? அதுல எத்தனை டன் கார்பன் டை ஆக்ஸைடு?" என்று தேர்வாளர் கேட்டதும் வாயடைத்துப் போனது.

அப்பாவுக்குப் பதில் சொல்லப் போய்த்தான் எனக்கே விளங்கியது. அவர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டோம். 56,000 டன் கொள்ளும் பல்க் கேரியர் (நிலக்கரி, தானியம் மாதிரி சரக்கை அப்படியே கொட்டி ஏற்றும் கப்பல்), 13 நாட் (மணிக்கு 13 கடல் மைல்) வேகம், மெயின் இன்ஜினுக்கு நாளுக்கு 28 டன் ஹெவி ஆயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் 312 கடல் மைல், கிட்டத்தட்ட 578 கிலோமீட்டர். 28 டன் என்றால் 28,000 லிட்டருக்குச் சற்று மேல். வகுத்தால் லிட்டருக்கு இருபது மீட்டர்தான்!

"நம்ம வண்டியே நாலு கிலோமீட்டர் குடுக்குமே" என்று சிரித்தார். லாரி 25 டன்னை நாலு கிலோமீட்டர் இழுப்பதும் கப்பல் 56,000 டன்னை இருபது மீட்டர் இழுப்பதும் ஒன்றா என்று பெருக்கிக் காட்டினேன். கப்பல் பத்து மடங்குக்கு மேல் சிக்கனம். சிரிப்பு நின்றது.

அதே பக்கத்தில் கணக்கைத் தொடருங்கள். ஹெவி ஆயில் ஒரு டன் எரிந்தால் 3.114 டன் கார்பன் டை ஆக்ஸைடு. 28 டன்னுக்கு 87 டன். இதைக் கிராமாக்கி, கப்பலின் கொள்ளளவையும் ஓடிய மைலையும் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால் ஏறக்குறைய 5. ஜெனரேட்டர், பாய்லர் செலவையும் சேர்த்து வருஷம் முழுக்க இப்படிப் போட்டால் அதுதான் சி.ஐ.ஐ. (கப்பலின் கார்பன் அளவைக் காட்டும் குறியீடு) கணக்கு. 2023 முதல் 5,000 ஜி.டி.க்கு (கப்பலின் மொத்த உள்ளளவைக் குறிக்கும் எண்) மேற்பட்ட கப்பல்களுக்கு ஏ முதல் இ வரை மதிப்பெண். தொடர்ந்து மூன்று வருஷம் டி, அல்லது ஒரே வருஷம் இ வாங்கினால் திருத்தத் திட்டம் எழுதியாக வேண்டும்.

கேள்வியில் பொறி வைக்கும் இடங்கள் இரண்டு. வேகத்தைப் பத்து சதவீதம் குறைத்தால் எவ்வளவு மிச்சம்? பவர் வேகத்தின் கன அளவில் மாறுவதால் நாள் செலவு 27 சதவீதம் குறையும். ஆனால் பயண நாளும் கூடுகிறதே! மைலுக்குப் பார்த்தால் 19 சதவீதம்தான். அடுத்தது, நங்கூரத்தில் பதினைந்து நாள் சும்மா நின்றால் மதிப்பெண் ஏறுமா? இறங்கும். ஜெனரேட்டர் எரிந்துகொண்டே இருக்கும், மைல் ஏறாது.

மெதுவாகப் போவதே மருந்து என்றும் சொல்லிவிடாதீர்கள். தொப்பூர் கணவாயில் நியூட்ரலில் இறக்கி டீசல் மிச்சம் பிடிப்பவர்களை அப்பாவுக்குப் பிடிக்காது. இங்கேயும் அப்படித்தான். லோடு ரொம்பக் குறைந்தால் எரிதல் கெட்டு, டர்போசார்ஜரிலும், புகையின் சூட்டில் நீராவி எடுக்கும் எகானமைசரிலும் கரி படியும். எகானமைசரில் தீப்பிடித்த கதைகள் உண்டு. இன்ஜினுக்குக் காற்றுத் தள்ளும் ஆக்ஸிலரி புளோயரும் ஓட ஆரம்பிக்கும். ஹல்லில் படிந்த பாசியைச் சுரண்டுவது, புரொப்பெல்லரைப் பாலிஷ் செய்வது, டிரிம் (முன்பக்கமும் பின்பக்கமும் நீரில் அமிழும் அளவின் வித்தியாசம்) பார்ப்பது, கடல்நீர் பம்புக்கு வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் கருவி) போடுவது எல்லாம் உங்கள் கப்பலில் நடந்திருந்தால் மட்டும் சொல்லுங்கள். நடக்காததைச் சொன்னால் அடுத்த கேள்வியிலேயே பிடிபடுவீர்கள்.

மெத்தனால், எல்.என்.ஜி. பற்றி நிறையப் படிக்கத் தேவையில்லை. எல்.என்.ஜி. (திரவ இயற்கை எரிவாயு) ஒரு டன்னுக்கு 2.75 டன் கார்பன் டை ஆக்ஸைடு என்ற எண்ணும், எரியாமல் தப்பும் மீத்தேன் தொல்லையும் தெரிந்தால் போதும். மெத்தனாலுக்கு வெப்பம் ஹெவி ஆயிலில் பாதிதான், அதனால் டேங்க் பெரிதாக வேண்டும்.

சைன் ஆஃப் ஆகும் (கப்பலிலிருந்து இறங்கும்) முன் பத்து நாள் நூன் ரிப்போர்ட்டை (தினமும் நண்பகலில் அனுப்பும் ஓட்டம், எரிபொருள் கணக்கு) பார்த்து, சீஃப் இன்ஜினியரிடம் கேட்டுவிட்டு எண்களை எழுதிக்கொள்ளுங்கள். நான் அதைச் செய்யாமல் வந்து, பிறகு ஜூனியர் ஒருவனுக்கு வாட்ஸப்பில் கெஞ்ச வேண்டியிருந்தது. இரண்டாம் தடவை மொரப்பூரில் ரயிலேறும்போது பையில் கைடு புத்தகம் இல்லை, அப்பாவின் நோட்டிலிருந்து கிழித்த அந்தக் கடைசிப் பக்கம் இருந்தது. அவருக்குப் புது நோட்டு வாங்கிக் கொடுத்த பிறகுதான் கோபம் தணிந்தது.