சீலர் பாடம்: 'எப்படி இறுகுகிறது?' என்று கேட்டுப் படியுங்கள்

தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கமிருந்து பல் மருத்துவம் படிக்கப் போகும் தம்பி தங்கைகள், இறுதியாண்டுத் தேர்வு நெருங்கும்போது என்னிடம் அதிகம் கேட்பது வேர்க்குழாய் சிகிச்சையில் குழாயை அடைக்கும் பசைகளான சீலர்களைப் பற்றித்தான். பெயர்கள் ஏராளம், படித்தது மறுநாளே மறந்துவிடுகிறது என்கிறார்கள். பெயர்ப்பட்டியலை உருப்போட்டால் மறக்கத்தான் செய்யும். ஒவ்வொரு சீலரையும் ஒரே கேள்வியோடு அணுகுங்கள்: இது எப்படி இறுகுகிறது? அதன் நன்மை, குறை, எங்கே பயன்படுத்தலாம், எங்கே கூடாது என்பதெல்லாம் பெரும்பாலும் அந்த விடைக்குள்ளேயே இருக்கின்றன.

துத்தநாக ஆக்சைடு தூளும், கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜினாலும் கலக்கும் வகையில் தொடங்குங்கள். இங்கே கொஞ்சம் நிதானமாக இருங்கள். 1931இல் வந்த ரிக்கர்ட் சீலரில் வெள்ளி இருந்தது. அது பல்லைக் கறைப்படுத்தியது. அதனால்தான் பல் மருத்துவர் கிராஸ்மன் வெள்ளியில்லாத கலவைக்குப் போனார். அவருடைய தூளில் துத்தநாக ஆக்சைடு 42 பங்கு, ஸ்டேபிலைட் ரெசின் 27, பிஸ்மத் சப்கார்பனேட் 15, பேரியம் சல்பேட் 15, சோடியம் போரேட் 1. இதில் பேரியம் எக்ஸ்ரேயில் தெரிவதற்கு. போரேட் இறுகுவதைத் தாமதப்படுத்துவதற்கு. காரணத்தோடு படித்த எண் நினைவில் நிற்கும்.

தூளும் யூஜினாலும் சேர்ந்து இறுகும் வினை தொடங்கவே நீர் வேண்டும். ஆகவே ஈரப்பதமும் வெப்பமும் கூடினால் கலவை சீக்கிரம் இறுகும். ராயபுரம், திருவொற்றியூர்க் கடற்காற்றில் வளர்ந்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஐப்பசி மழையில் கண்ணாடிப் பலகை வியர்த்திருந்தால், ஸ்பாட்டுலாவின் கீழே பசை கெட்டிப்படுவதைக் கையே உணர்ந்துவிடும். பலகையை நன்றாகத் துடைத்து உலர்த்திக்கொண்டு, தூளைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பரப்பித் தேயுங்கள். ஸ்பாட்டுலாவை மெல்லத் தூக்கினால் பசை அறுபடாமல் ஓர் அங்குலமாவது இழையாக எழ வேண்டும். வீட்டில் சர்க்கரைப் பாகுக்குக் கம்பிப் பதம் பார்ப்பதைப் போலத்தான். செய்முறைத் தேர்வில் தேர்வாளர் முதலில் பார்ப்பது இந்த இழையைத்தான்.

“ஏம்மா, நாளைக்கு இந்தப் பல்லில் ரெசின் அடைப்பு வைக்க வேண்டும் என்றால் இந்தச் சீலரை வைப்பாயா?” என்று அடுத்த கேள்வி வரும். இறுகிய பிறகும் மிஞ்சும் யூஜினால் ரெசின் பாலிமராகி இறுகுவதைத் தடுக்கும் என்பதே விடை.

எபாக்சி ரெசின் வகை பாலிமராகி இறுகுவது, மெதுவான வினை. இந்த வகையைச் சேர்ந்த ஏஹெச் பிளஸ் இறுக உடல் வெப்பத்தில் ஏறத்தாழ 8 மணி நேரம் ஆகும். கரைதிறன் மிகக் குறைவு, பல்லின் எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டினோடு நன்றாக ஒட்டும். அதற்கு முந்தைய ஏஹெச் 26 இறுகும்போது ஃபார்மால்டிஹைடை வெளியிட்டது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கட்டாயம் எழுதுங்கள். கால்சியம் ஹைட்ராக்சைடு சீலர்களை ஒரே வரியில் பிடித்துவிடலாம்: அயனிகளை வெளியிட்டால்தான் பலன், வெளியிட்டால் கரைந்து அடைப்பில் இடைவெளி விழும்.

பயோசெராமிக் சீலர்களில்தான் நம் கேள்வி முழுப் பலன் தரும். 1993இல் கலிபோர்னியாவின் லோமா லிண்டாவில் டோராபினெஜாத் அறிமுகப்படுத்திய எம்.டி.ஏ. என்ற பல் சிமென்ட்டின் வழியில் வந்த கால்சியம் சிலிகேட்டுகள் இவை. முன்பே கலந்து சிரிஞ்சில் வரும் பசை, டென்டின் நுண்குழல்களில் இருக்கும் ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகுகிறது. அப்படியானால் ஈரத்தை உறிஞ்சும் காகிதக் குச்சியான பேப்பர் பாயிண்ட் வைத்து வேர்க்குழாயை ஒட்ட உலர்த்துவது இங்கே பொருந்தாது. இறுகும்போது சுருங்காததால் ரப்பர் போன்ற ஒற்றைக் கட்டாபெர்ச்சாக் குச்சியோடு அடைக்கும் முறைக்கு இது ஏற்றது. ஆனால் கெட்டியாக இறுகிவிடுவதால், மறுசிகிச்சையில் வெளியே எடுப்பது பெரும்பாடு.

பால்பற்களுக்குக் கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். அங்கே வேர் கரையும்போது பசையும் கரைய வேண்டும். துத்தநாக ஆக்சைடு யூஜினால் வேரைவிட மெதுவாகக் கரைவதால், கீழிருந்து வரும் நிரந்தரப் பல்லின் பாதை விலகலாம். கால்சியம் ஹைட்ராக்சைடும் அயடோஃபார்மும் கலந்த மெட்டாபெக்ஸ் கெட்டியாக இறுகுவதே இல்லை. சில சமயம் வேருக்கு முன்னால் அதுவே கரைந்துவிடும். மூன்றாவது பசையான எண்டோஃபிளாஸில் வேர் முனையைத் தாண்டி வெளியேறிய பகுதி மட்டும் கரையும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

சீலர்களுக்கான சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 6876 எண்களுக்குக் குறுக்குவழி இல்லை. படலத் தடிமன் 50 மைக்ரானுக்கு மேல் கூடாது, பரவல் 17 மி.மீ.க்குக் குறையக் கூடாது, கரைதிறன் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, எக்ஸ்ரேயில் 3 மி.மீ. அலுமினியத்துக்குச் சமமாகவாவது தெரிய வேண்டும். வீட்டில் சத்தம் அதிகமென்றால் படிப்பதற்கும் பணிபுரிவதற்கும் இடம் தரும் கொளத்தூர் முதல்வர் படைப்பகத்தில் இடம் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். 2024இல் உங்களைப் போன்ற மாணவர்களையும் மனத்தில் வைத்துத் திறந்தார்கள்.

பாராஃபார்மால்டிஹைடு கலந்த என்2 பசையை வகைப்பாட்டில் எழுதலாம், எழுதத்தான் வேண்டும். ஆனால் “நோயாளிக்கு வைப்பாயா?” என்று கேட்டால் தயங்காமல் மறுத்துவிடுங்கள். கீழ்க் கடைவாய்ப் பல்லின் வேர் முனையைத் தாண்டி அது போனால் தாடை நரம்பு சேதமாகி, உதடு நிரந்தரமாக மரத்துப்போகக்கூடும். அந்தக் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். தேர்வாளர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.