ஜே விசையில் ஒரு பானா

2011இல் சவூதியின் தம்மாமில் ஒரு கிடங்கில் ஸ்டோர்கீப்பராகச் சேர்ந்தேன். என் மேசையில் இருந்த கம்ப்யூட்டர் முழுக்க அரபி. ஸ்டார்ட் பொத்தான் வலது மூலையில். ஜன்னலை மூடுகிற பெருக்கல் குறி இடது பக்கம். எக்ஸெலைத் திறந்தால் ஏ நெடுவரிசை வலது ஓரத்தில் தொடங்கி, பி, சி என்று இடப்பக்கம் போகிறது. டேப் தட்டினால் கர்சரும் அப்படியே.

நான் கீழக்கரைக்காரன். பள்ளி லீவில் திருப்புல்லாணி வழியாக ராமநாதபுரத்துக்கு பஸ்ஸில் போய் டைப்ரைட்டிங் ஹையர் வரை படித்தவன். விரலைப் பார்க்காமல் அடித்துத்தான் பழக்கம். அங்கே முதலில் காலை வாரியது அந்தப் பழக்கம்தான். ஒவ்வொரு விசையிலும் ஆங்கிலம், அரபி என இரண்டு எழுத்து இருக்கும். இடது ஆல்ட்டும் ஷிஃப்டும் சேர்ந்து அமுங்கினால் மொழி மாறிவிடும். வேகமாக அடிக்கும்போது எப்போது அமுங்கியது என்றே தெரியாது. திரையில் எழுத்து தெரிந்தால் கண்டுபிடித்துவிடலாம். பாஸ்வேர்டில் கருப்புப் புள்ளிதானே தெரியும்? அரபியில் நிற்பது தெரியாமல் மூன்று தடவை அடித்துக் கணக்கு பூட்டிக்கொள்ள, வாசலில் லாரியை நிறுத்தி வைத்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருக்கிறேன்.

வலப்பக்கத்து கண்ட்ரோலும் ஷிஃப்டும் சேர்ந்தால் வேறு மாதிரி. அடித்த வரி அப்படியே வலது ஓரத்துக்குத் தாவும். வரி முடிவில் வைத்த முற்றுப்புள்ளி இடது நுனியில் போய் உட்காரும். இடப்பக்கத்து இரண்டையும் அமுக்கினால் பழையபடி திரும்பிவிடும் என்று காட்டிக் கொடுத்தவர் பக்கத்து மேசை எகிப்துக்காரர். 'ஷுவய்ய ஷுவய்ய' என்பார், மெதுவா, மெதுவா என்று. அவருக்கு இன்றும் துஆ செய்கிறேன்.

அப்புறம் எண்கள். அரபி எழுத்தில் 5 ஒரு சின்ன வட்டம், பூஜ்யம் வெறும் புள்ளி. கையால் எழுதிய டெலிவரி நோட்டில் 15 பெட்டி என்றிருந்ததை 10 என்று பதிவு செய்து, சாயங்காலம் இருப்பு ஒத்துப்போகாமல் கிடங்கு முழுக்க எண்ணினோம். அதற்குப் பிறகு வட்டத்தைப் பார்த்தாலே ஒரு நொடி நின்றுதான் அடிப்பேன்.

ஆனால் எழுத்துகள் என்னைக் கைவிடவில்லை. சின்ன வயதில் குர்ஆன் ஓதிக்கொடுத்த லெப்பை பலகையில் எழுதிக் கொடுத்து, பிரம்பு நுனியால் தொட்டுத் தொட்டு ஓதவைத்த எழுத்துகள். ஹெச் விசையில் அலிஃப், ஜியில் லாம், கேயில் நூன். பாஷை தெரியாவிட்டாலும் பெயர்களைக் கூட்டிப் படித்துவிடுவேன். குர்ஆனில் இருக்கிற மேல்குறி, கீழ்குறி ஆபீஸ் காகிதத்தில் இருக்காது என்பதால் புதுப் பெயர் வந்தால் மட்டும் திணறும்.

அங்கேயே ஒரு லேப்டாப் வாங்கினேன். அதிலும் அரபி விசைகள்தான். எ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளைப் போட்டு, தமிழ்99 விசைப்பலகை முறையில் தமிழ் அடிக்கப் பழகினேன். இப்போது ஹெச் விசைக்கு மூன்று எழுத்து: ஹெச், அலிஃப், க.

2013இல் லீவில் வந்தபோது அந்த லேப்டாப்பை என் வாப்பாவின் உம்மா, அதாவது தந்தையின் தாய், மடியில் வைத்துப் பார்த்தார். அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அரபுத் தமிழ்தான் தெரியும். கொழும்பில் வியாபாரம் பார்த்த அப்பாவுக்கு, அதாவது தாத்தாவுக்கு, அவர் எழுதிய கடிதமெல்லாம் அதில்தான், அரபி எழுத்தில் தமிழ்ப் பேச்சு. மேல்வரிசையில் வலப்பக்கமிருந்து விரலை வைத்து 'தால், ஜீம், ஹா' என்று வாசித்துக்கொண்டே போனார். எல்லா வரிசையும் முடிந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"இதுல பானா எங்கே வாப்பா?"

அரபியில் ப கிடையாது. அரபுத் தமிழில் அதற்கென்று புள்ளி கூட்டி ஒரு எழுத்து வைத்திருக்கிறார்கள். அவர் தேடியது அதை. நான் தமிழுக்கு மாற்றி, 'தே' என்ற அரபி எழுத்து அச்சடித்த ஜே விசையைக் காட்டினேன்.

வவும் ஆவும் நான் அடித்தேன். பானா இரண்டையும் அவர் அமுக்கினார். தமிழ்99இல் முதல் பானாவுக்குப் புள்ளி தானாக விழும். விழுந்தது. மறுபடி ஆ போட்டேன்.

"என்ன எழுதியிருக்கு?" என்றார்.

"வாப்பா" என்று வாசித்துக் காட்டினேன்.