சூறாவளியும் காற்று முறிவும்: பரீட்சைக்காக நான் படித்த விதம்

உயர்தரத்தில் புவியியல் படித்த நாட்களில் சூறாவளி பற்றிய அலகு எனக்கு இலகுவானதாகவே தோன்றியது. கடல் மேற்பரப்பின் வெப்பநிலை 26.5 பாகை செல்சியசுக்கு மேல் இருக்க வேண்டும், மத்திய கோட்டிலிருந்து ஏறத்தாழ 5 பாகையாவது விலகியிருக்க வேண்டும், வளியில் ஈரம் நிறைந்திருக்க வேண்டும், காற்று முறிவு குறைவாக இருக்க வேண்டும் என்று நிபந்தனைகளை மனனம் செய்துகொண்டு முன்னோடிப் பரீட்சைக்குப் போனேன். காற்று முறிவு பற்றிய பகுதி வினாவுக்கு, "மேலே காற்றுப் பலமாக வீசினால் சூறாவளி கலைந்துவிடும்" என்று எழுதினேன். விடைத்தாள் திரும்பி வந்தபோது அந்த வரிக்கு நேரே சிவப்பு மையில், "எதனோடு ஒப்பிட்டுப் பலம்?" என்று மட்டும் எழுதப்பட்டிருந்தது, புள்ளி எதுவும் இல்லை. பின்னர் பல்கலைக்கழகத்தில் காலநிலையியல் படித்தபோதும் இந்தப் பகுதிக்கு வரும்போதெல்லாம் நான் முதலில் அந்தக் கேள்வியைத்தான் எனக்குள் கேட்டுக்கொண்டேன்.

விண்ட் ஷியர் என்று வானிலை அறிக்கைகளிலும் காற்று முறிவு என்று தமிழிலும் சொல்லப்படுவது காற்றின் பலம் அன்று. உயரத்துக்கு உயரம் காற்றின் வேகமும் திசையும் எவ்வளவு மாறுகின்றன என்பதன் அளவு. தைப்பொங்கல் நாளில் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் ஏற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க அதிக நேரம் தேவையில்லை. நிலத்தருகே ஒரு பக்கம் சாயும் பட்டம் உயரப் போனதும் இன்னொரு பக்கம் திரும்பும். நூல் நேர்கோடாக நில்லாமல் வளையும். பட்டம் காட்டுவது சில நூறு மீற்றர் உயரத்துக்குள் நிகழும் மாற்றத்தை மட்டுமே என்பதையும் மறக்கக்கூடாது. சூறாவளி ஆய்வில் ஒப்பிடப்படுவது 850 மில்லிபார் மட்டத்துக் காற்றும், அதாவது ஏறத்தாழ 1.5 கிலோமீற்றர் உயரத்துக் காற்றும், 200 மில்லிபார் மட்டத்துக் காற்றும், அதாவது ஏறத்தாழ 12 கிலோமீற்றர் உயரத்துக் காற்றும் ஆகும்.

இங்கே ஒரு கணக்கைக் கையால் செய்து பார்ப்பது பத்துப் பக்கம் வாசிப்பதை விடப் பயன் தரும். கீழே கிழக்கிலிருந்து செக்கனுக்கு 15 மீற்றர் வேகத்திலும், மேலே அதே கிழக்கிலிருந்து 20 மீற்றர் வேகத்திலும் காற்று வீசினால், இரண்டுமே பலமானவை. ஆனால் முறிவு 5 மீற்றர் மட்டுமே. கீழே மேற்கிலிருந்து 15 மீற்றரும் மேலே கிழக்கிலிருந்து 15 மீற்றரும் வீசினால், வேகம் சமமாக இருந்தும் முறிவு 30 மீற்றராகிவிடும். காற்று ஒரு காவி, அதாவது அளவோடு திசையும் கொண்ட கணியம், என்பதையும், முறிவு என்பது இரண்டு காவிகளின் வித்தியாசம் என்பதையும் சதுரக் கோட்டுத் தாளில் அம்புக்குறி வரைந்து பார்த்த அன்றுதான் சிவப்பு மைக் கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது.

இதே கணக்கு எங்கள் ஊர்ப் பருவங்களையும் விளக்குகிறது. சோளகமும் கச்சானும் வீசும் ஜூன் முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் வங்காள விரிகுடா வெப்பமாகவும் ஈரமாகவும் இருந்தும் சூறாவளிகள் அரிதாகவே தோன்றுகின்றன. கீழே தென்மேற்குப் பருவக்காற்று. ஏறத்தாழ 14 கிலோமீற்றருக்கு மேலே கிழக்கிலிருந்து பாயும் ஜெட் காற்றோட்டம். இரண்டும் எதிரெதிர்த் திசையில் வீசுவதால் முறிவு மிகப் பெரியதாகிறது. விரிகுடாவின் வடக்கில் தாழமுக்கங்கள் உருவாகின்றன. அவற்றுட் பெரும்பாலானவை சூறாவளியாக வளராமலே நிலத்தை அடைகின்றன. பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரையிலும் முறிவு தளர்வதால்தான் அவை சூறாவளிக் காலங்களாகின்றன. பசிபிக்கின் மத்திய கோட்டுக் கடல் வழமையை விட வெப்பமடையும் எல் நினோ ஆண்டுகளில் அத்திலாந்திக்கில் ஹரிக்கேன்கள் (அங்கு வலுவான சூறாவளிக்கு வழங்கும் பெயர்) குறைவதையும், மேல்வளி மேலைக்காற்று அங்கு வலுவடைந்து முறிவைக் கூட்டுவதைக் கொண்டே விளக்க வேண்டும்.

முறிவு சூறாவளியின் வலுவையும் பாதையையும் எவ்வாறு பாதிக்கிறது என்ற வினாவின் முதற் பாதியான வலுவுக்கு "சூறாவளியைச் சிதைக்கிறது" என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள். காரணத்தைச் சங்கிலியாகக் கோத்து எழுதுங்கள். மேலெழும் நீராவி ஒடுங்கி வெளிவிடும் மறைவெப்பம் சூறாவளியின் நடுவில் ஒரு வெப்ப மையத்தை உண்டாக்குகிறது. வெப்பமான அந்த வளித்தூண் சுற்றியுள்ள வளியை விட எடை குறைந்தது என்பதால்தான் கடல் மட்டத்தில் அமுக்கம் தாழ்கிறது. தூண் நிமிர்ந்து நிற்கும்வரை வெப்பம் மையத்துக்கு மேலேயே தங்கும். முறிவு கூடும்போது தூண் சரிகிறது, மேற்பகுதியின் வெப்பம் ஒரு பக்கமாக இழுபடுகிறது, நடுமட்டத்தில் வெளியிலுள்ள உலர்ந்த வளி உள்ளே நுழைகிறது. அந்த உலர்வளியில் மழைத்துளிகள் ஆவியாகும்போது குளிர்ந்து கனத்த வளி கீழிறங்கி, கடலிலிருந்து ஈரத்தைச் சேர்த்துக்கொண்டு மையத்தை நோக்கி வரும் வளியோடு கலந்து, சூறாவளியின் எரிபொருளையே நீர்த்துப்போகச் செய்கிறது. செய்மதிப் படத்தில் இதைக் கண்ணாலேயே காணலாம்: கீழ்மட்டச் சுழி மேகமின்றி வெறுமையாகத் தெரியும், அடர்ந்த மேகத்திரள் ஒரு பக்கம் ஒதுங்கிக் கிடக்கும்.

செக்கனுக்கு 10 மீற்றர் அளவுக்கு மேற்பட்ட முறிவு பொதுவாகச் சாதகமற்றது என்று எழுதலாம். ஆயினும் அதை மாறா எல்லையாக எழுதக்கூடாது. 2018 ஒக்ரோபரில் மைக்கேல் ஹரிக்கேன் கணிசமான முறிவுக்குள்ளேயே வளரத் தொடங்கி, புளோரிடாவில் மிக உயர்ந்த வகையான 5ஆம் வகையாகக் கரை கடந்தது. கடலின் வெப்பமும் சூழவுள்ள வளியின் ஈரமும் போதுமானவையாக இருந்தால் ஒரு சூறாவளி முறிவைத் தாக்குப்பிடிக்கும்.

பாதை பற்றிய பகுதியைத்தான் பெரும்பாலான மாணவர்கள் விட்டுவிடுகிறார்கள். நானும் நெடுநாள் விட்டிருந்தேன். ஆற்றில் சருகு போவதுபோல் சூறாவளி தன்னைச் சூழ்ந்த காற்றோட்டத்தோடு நகர்கிறது என்பது சரி. ஆனால் எந்த உயரத்துக் காற்றோட்டத்தோடு என்று கேட்க வேண்டும். வலுவான சூறாவளி, வளிமண்டலத்தின் கீழ் அடுக்கான மாறன் மண்டலத்தின் உச்சிவரை உயர்ந்து நிற்பதால், கீழிருந்து மேல்வரையான காற்றுகளின் சராசரி அதைச் செலுத்துகிறது. முறிவினால் தலை இழந்த சூறாவளி குட்டையானது. அதைக் கீழ்மட்டக் காற்று மட்டுமே செலுத்துகிறது. முறிவு வலுவைக் குறைக்கிறது, வலு உயரத்தைத் தீர்மானிக்கிறது, உயரம் பாதையைத் தீர்மானிக்கிறது. இந்தத் தொடர்பை எழுதினால் வினாவின் இரண்டு பாதிகளும் ஒரே விடையாகிவிடும்.

எடுத்துக்காட்டு தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. 2013 டிசம்பரில் மாதி சூறாவளி வங்காள விரிகுடாவில் வடக்கு நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. பின்னர் முறிவும் உலர்வளியும் குளிர்ந்த கடலும் சேர்ந்து அதை மெலியச் செய்ய, கீழ்மட்ட வடகிழக்குக் காற்றின் போக்கில் தென்மேற்கே திரும்பி, பாக்கு நீரிணைக்கு அக்கரையிலுள்ள வேதாரணியத்துக்கு அண்மையில் வெறும் தாழமுக்கமாகக் கரை கடந்தது. 2015 ஆகஸ்டில் எரிக்கா என்ற வெப்பமண்டலப் புயல் வலுவடைந்து புளோரிடாவை நோக்கித் திரும்பக்கூடும் என்று எதிர்வுகூறப்பட்டது. முறிவினால் குட்டையாகவே இருந்து மேற்கே நகர்ந்து கரீபியனிலேயே கலைந்தது. அதே ஆண்டு ஒக்ரோபர் தொடக்கத்தில் யொவாக்கின் இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டது: முறிவுக்குள்ளும் எதிர்பார்த்ததை விட வலுவடைந்து, உயரம் வரை எட்டும் காற்றோட்டத்தில் சிக்கி, தென்மேற்கே பகாமாசை 4ஆம் வகை ஹரிக்கேனாகத் தாக்கியது. எரிக்காவையும் யொவாக்கினையும் அருகருகே வைத்து எழுதிய விடைக்குத்தான் எனக்கு இந்தப் பகுதியில் முழுப்புள்ளி கிடைத்தது.

வலுக் குறைந்தால் ஆபத்து நீங்கிவிட்டது என்று மட்டும் எழுதிவிட வேண்டாம். எரிக்கா ஹரிக்கேனாகவே மாறவில்லை. ஆனாலும் டொமினிக்காவில் பெருவெள்ளத்தை உண்டாக்கியது. 2008 நவம்பரில் வந்த நிஷாவும் காற்று வேகத்தில் பெரிய சூறாவளி அன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டை மூழ்கடித்தது அதன் மழைதான். வட அரைக்கோளத்தில் கனமழை பெரும்பாலும் முறிவுக் காவி சுட்டும் திசைக்கு இடப்புறமாகக் குவியும் என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.

விடை எழுதும்போது படத்தை முதலில் வரையுங்கள். நிமிர்ந்த தூண் ஒன்று, சரிந்த தூண் ஒன்று, இரண்டுக்கும் பக்கத்தில் கீழ்மட்டத்துக்கும் மேல்மட்டத்துக்குமான அம்புக்குறிகள். சரிந்த தூணின் நடுவில் உலர்வளி நுழையும் இடத்தை நிழலிட்டுக் காட்டுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் இதற்குச் செல்லாது. அம்புக்குறிகளின் நீளத்தைக் காற்றின் வேகத்துக்கு ஏற்றபடி அடிமட்டத்தால் அளந்து வரைந்து, அளவுத்திட்டத்தைப் படத்தின் கீழே எழுதிவிடுங்கள்.