கபடி பேனருக்குத் தடித்த சாய்வெழுத்து: இதுவரை செய்தது

கண்டியூரில் பொங்கல் கபடிக்குக் கடைத்தெருவில் கட்டும் 10 அடி ஃபிளெக்ஸில் ‘கபடிப் போட்டி’ என்ற தலைப்பு எழுத்தை நான் செய்து தருவதாக ஏற்றுக்கொண்டேன். ஆட்டத்தின் வேகம் எழுத்திலேயே தெரிய வேண்டும். அதனால் தடித்த, சாய்ந்த, சான்ஸ் செரிஃப் (முனைகளில் குறுங்கோடு இல்லாத) எழுத்துதான் என்று முதலிலேயே முடிவாகிவிட்டது.

ஆங்கிலத்துக்கு இதில் கவலையே இல்லை. மான்ட்செராட் என்ற எழுத்துருவில் 9 தடிமன், ஒவ்வொன்றுக்கும் சாய்வும் உண்டு. தமிழில் நான் எடுத்துப் பார்த்த அனேக் தமிழ், முக்த மலர், கேட்டமரான், பாலூ தம்பி 2 எல்லாமே நிமிர்ந்தவை. கவிவனார் சாய்ந்தது, அழகானதும்கூட. ஆனால் கையெழுத்துப் பாணி, ஒரே தடிமன், சாலைக்கு எடுபடாது. ஆகவே நிமிர்ந்தவற்றில் எது சாய்த்தாலும் தாங்குகிறது என்று இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்தேன்.

பாலூ தம்பி குண்டுக் குழந்தை மாதிரி. சாய்த்தால் விளையாட்டுத்தனம்தான் வருகிறது, பாய்ச்சல் வரவில்லை. அனேக் தமிழ் பிடித்துப்போனது. அதில் தடிமன் 100 முதல் 800 வரை, அகலம் 75 முதல் 125 வரை (100 என்பது இயல்பான அகலம்) நம் இஷ்டத்துக்கு நகர்த்தலாம். 800-இல் அச்செடுத்து எதிர்ச்சுவரில் ஒட்டினேன். டீக்கடையில் இருந்த பெரியப்பா, “போட்டி தெரியுது தம்பி, ‘க’தான் கட்டியா அடைச்சுக்கிட்டிருக்கு” என்றார். 700-க்கு இறக்கி, அகலத்தை 100-க்குக் கொஞ்சம் மேலே வைத்ததும் ‘க’வின் உள்வெளி திறந்துகொண்டது.

சாய்வு 10 டிகிரி போதும். ஓர் அடி உயர எழுத்தில் தலைப்பகுதி சுமார் 2 அங்குலம் வலப்பக்கம் நகர்கிறது. அதற்கு மேல் போனால் ‘டி’யின் மேல்விலங்கு (மேலே வளையும் இகரக் குறி) பக்கத்து எழுத்தின் மேல் சாய்ந்துவிடுகிறது.

உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். கணினி வெறுமனே தள்ளிச் சாய்க்கும்போது நேர்கோடுகள் சற்று மெலிகின்றன. வளைவுகள் மேல் வலப்பக்கத்திலும் கீழ் இடப்பக்கத்திலும் தடிக்கின்றன, மேல் இடப்பக்கத்திலும் கீழ் வலப்பக்கத்திலும் இளைக்கின்றன. ‘ப’, ‘ட’ இரண்டும் நேர்கோட்டு எழுத்துகள், பெரிதாகக் கெடவில்லை. ‘க’வின் வளைவையும் ‘டி’யின் மேல்விலங்கையும் புள்ளி புள்ளியாக இழுத்துச் சமன்செய்தேன். ‘ப்’, ‘ட்’ மேலிருந்த புள்ளிகள் முட்டை வடிவமாகிவிட்டிருந்தன. அவற்றை நீக்கிவிட்டு, சரியான வட்டங்களைச் சாய்வுக்கோட்டின் மேலேயே வைத்தேன். பேனர் முழுவதும் எடுப்பாக நின்றது இந்தச் சின்ன மாற்றத்தில்தான் என்று சொல்வேன்.

தஞ்சாவூர் ஃபிளெக்ஸ் கடையில், “ஃபான்ட்டா வேணாம், கர்வ் பண்ணிக் கொடுத்திருங்க” என்றார்கள். அதாவது, எழுத்துரு இல்லாமலே திறக்கும்படி எழுத்துகளை வெறும் வடிவங்களாக மாற்றித் தர வேண்டும். கொடுத்தாயிற்று.

அடுத்தது பனியன் முதுகு. அங்கே ‘கண்டியூர்’ வர வேண்டும். மூணு சுழி ‘ண்’ 700-இலும் அடைக்கிறது. இப்போதைக்கு 600-இல் வைத்து அதன் சுழிகளைத் திறந்துகொண்டிருக்கிறேன்.