எத்தனை வருஷம் இருக்கப் போறீங்க?

பள்ளி விண்ணப்பத்தோடு என் கணவரின் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதமும் வைக்கச் சொல்லியிருந்தார்கள். நெதர்லாந்தில் இவருக்கு எவ்வளவு காலம் வேலை என்று அதில் எழுதியிருக்க வேண்டும். என்ன போடட்டும் என்று அலுவலகத்தில் கேட்டபோது இவர் என்னைப் பார்த்தார். "மூணு வருஷம்னு போடச் சொல்லுங்க" என்றேன். அதைப் பற்றி நாங்கள் வீட்டில் ஒருநாள்கூட உட்கார்ந்து பேசியதில்லை. பிள்ளைகள் இருவரின் படிப்பும் அந்த ஒரு வரியைப் பிடித்துத்தான் போகப்போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

2022 ஜூலை மூன்றாம் வாரம் சென்னையிலிருந்து ஆம்ஸ்டல்வேனுக்கு வந்தோம். ஆம்ஸ்டர்டாமுக்குத் தெற்கே ஒட்டியிருக்கும் ஊர். 25ஆம் எண் டிராமில் ஏறினால் தமிழ், தெலுங்கு, இந்தி எல்லாம் காதில் விழும். பெரியவளுக்கு ஒன்பது வயது. சின்னவனுக்கு ஐந்தாக இன்னும் நான்கு மாதம். வந்த நேரம்தான் தப்பு. கோடை விடுமுறை அப்போதுதான் தொடங்கியிருந்தது. ஆறு வாரம் பள்ளிகளில் ஆளே கிடையாது. எந்த மின்னஞ்சலுக்கும் தானியங்கி பதில்தான் வந்தது. வேலை உறுதியானதும் ஊரிலிருந்தே, மே மாதத்துக்குள், பள்ளிகளுக்கு எழுதிவிடுங்கள். பிள்ளைகளின் பழைய மதிப்பெண் அட்டைகளை ஆங்கிலத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆறு வாரத்தில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். இங்கே பள்ளிகள் மூன்று விதம். முதலாவது சாதாரண டச்சுப் பள்ளி. கட்டணம் இல்லை. சுற்றுலா, கொண்டாட்டம் போன்றவற்றுக்கு ஒரு சிறிய தொகை கேட்பார்கள், அதுவும் விருப்பம் இருந்தால்தான். கட்டவில்லை என்பதற்காகப் பிள்ளையை ஒதுக்கி வைக்கக் கூடாது என்று 2021 ஆகஸ்டிலிருந்து சட்டமே இருக்கிறது. இரண்டாவது, அரசு மானியம் பெறும் சர்வதேசப் பள்ளி. ஆங்கில வழி. தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு ஐயாயிரம் முதல் ஏழாயிரம் யூரோ வரை ஆகும். இதில் எல்லோரும் சேர்ந்துவிட முடியாது. எங்களைப் போன்ற வெளிநாட்டுக் குடும்பம் என்றால், பெற்றோரில் ஒருவருக்கு இங்கே குறிப்பிட்ட காலத்துக்கான வேலை இருக்க வேண்டும். அந்தக் கடிதம் இதற்குத்தான். மூன்றாவது, முழுக்கத் தனியார் சர்வதேசப் பள்ளி. கட்டணம் பல இடங்களில் இருபதாயிரம் யூரோவைத் தாண்டும். 1964இல் தொடங்கிய ஆம்ஸ்டர்டாம் சர்வதேசப் பள்ளி எங்கள் ஊரில்தான் இருக்கிறது. இந்தியக் குழுமமான அமிட்டியும் 2018இல் இங்கே ஒரு பள்ளியைத் திறந்தது. இரண்டு பிள்ளைகளுக்கு அந்தக் கட்டணத்தைக் கட்ட எங்களால் முடியாது.

நிறுவனம் கட்டினால் கதை வேறு. வெளிநாட்டிலிருந்து அழைத்து வரப்படும் ஊழியர்களுக்கான முப்பது சதவீத வரிச் சலுகை உங்களுக்கு இருந்தால், அதற்கு மேல் சர்வதேசப் பள்ளிக் கட்டணத்தையும் நிறுவனம் வரியில்லாமல் தரலாம். சட்டம் அனுமதிக்கிறது, ஆனால் நிறுவனம் தந்தாக வேண்டும் என்று இல்லை. கையெழுத்துப் போட்ட பிறகு நாங்கள் கேட்டோம். எங்கள் கொள்கையில் இல்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. வேலைக்கான பேச்சுவார்த்தை நடக்கும்போதே கேட்டிருக்க வேண்டும்.

எங்கள் மாடிக்குக் கீழே தஞ்சாவூர்ப் பக்கத்து அக்கா ஒருவர் இருக்கிறார். பதினொரு வருடமாக இங்கே வாழ்கிறவர். எந்தப் பள்ளி நல்ல பள்ளி என்று அவரிடம் கேட்டேன். அவர் திருப்பிக் கேட்டார்: "அது இருக்கட்டும்மா. நீங்க எத்தனை வருஷம் இருக்கப் போறீங்க?" மூன்று வருடம் என்றேன். "நாங்களும் ரெண்டுன்னுதான் வந்தோம்" என்றார். அன்றைக்கு அதை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

சின்னவன் விஷயம் எளிதாக முடிந்தது. இங்கே ஐந்து வயதிலிருந்து பள்ளிக்குப் போவது கட்டாயம். ஆனால் நான்கு வயது நிறைந்ததுமே எல்லாப் பிள்ளைகளும் போகத் தொடங்கிவிடுகிறார்கள். தெருமுனையில் இருந்த டச்சுப் பள்ளியில் இடம் இருந்தது. செப்டம்பர் முதல் வாரம் சேர்த்துவிட்டோம். சென்னையில் எல்.கே.ஜி. முடித்து நூறு வரை எழுதியவன், இங்கே மணலைக் கொட்டி அணை கட்டிக்கொண்டிருந்தான். முதல் இரண்டு வகுப்புகளில் விளையாட்டு, பாட்டு, வெட்டி ஒட்டுவது, கோட் ஜிப்பைத் தானே போட்டுக்கொள்வது, இவ்வளவுதான். ஆறு வயதில் மூன்றாம் வகுப்புக்குப் போகும்போதுதான் வாசிப்பு தொடங்கும். எனக்கு வயிற்றைக் கலக்கியது. இரவில் உட்கார வைத்து எழுதச் சொன்னேன். அவன் ஆசிரியை (பிள்ளைகள் 'யுஃப்' என்று சொல்லி அவர் முதற்பெயரைச் சேர்த்துக் கூப்பிடுகிறார்கள்) என்னிடம் மென்மையாகச் சொன்னார்: "வீட்டில் தமிழில் கதை சொல்லுங்கள். தாய்மொழி வலுவாக இருந்தால் டச்சு அதன்மேல் ஏறி உட்காரும்." கதை சொல்லத் தொடங்கினேன். கிறிஸ்துமஸுக்குள் டச்சில் சண்டை போட்டான். மூன்றாம் வகுப்பில் சில மாதங்களிலேயே சரளமாக வாசித்தான்.

பெரியவளின் கதைதான் வேறு.

மானியம் பெறும் சர்வதேசப் பள்ளி ஒன்றில் அவளுக்காகப் பதிவு செய்தோம். காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறீர்கள் என்றார்கள். எத்தனையாவது இடம், எப்போது கிடைக்கும், எதையும் சொல்லவில்லை. நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது: உங்கள் மகள் எந்தப் பள்ளியில் படிக்கிறாள்? பட்டியலில் இருக்கிறாள் என்பது இங்கே பதிலாகாது. வீட்டில் வைத்திருந்தால் சட்டப்படி குற்றம்.

இடையில் டச்சுப் பள்ளிகள் சிலவற்றையும் போய்ப் பார்த்தோம். ஒரு மாண்டிசோரி பள்ளியின் தலைமையாசிரியர், சென்னையிலிருந்து வருகிறோம் என்றதும் முகம் மலர்ந்து, "அடையாறா?" என்று கேட்டார். மரியா மாண்டிசோரி 1939இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து, போர் முடியும்வரை இந்தியாவிலேயே இருந்ததையும், கொடைக்கானலில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததையும் எங்களுக்குச் சொன்னவர் அவர்தான். 1952இல் அந்த அம்மையார் காலமானது இங்கே பக்கத்துக் கடற்கரை ஊரான நோர்ட்வைக்கில். பெசன்ட் நகர் பஸ்ஸில் அந்த வாசலை ஆயிரம் முறை கடந்திருப்பேன். அந்நிய ஊரில் அன்றைக்குத்தான் முதன்முதலாக மனசு கொஞ்சம் நிமிர்ந்தது. மாண்டிசோரி, கத்தோலிக்கம், புராட்டஸ்டன்ட், பொதுப்பள்ளி எதுவானாலும் இங்கே அரசு ஒரே அளவில்தான் பணம் தருகிறது. 1917இலிருந்தே அரசியல் சட்டத்தில் இருக்கும் ஏற்பாடு. அதனால் தெருப் பள்ளியைத் தரம் குறைந்ததாக யாரும் நினைப்பதில்லை. ஆனால் அந்தத் தலைமையாசிரியரும் உண்மையைச் சொன்னார். ஒன்பது வயதுப் பிள்ளை டச்சே தெரியாமல் நேரே வகுப்பில் உட்கார முடியாது. முதலில் ஒரு வருடம் மொழி வகுப்பு.

அக்டோபரில் அந்த மொழி வகுப்பில் சேர்த்தோம். பதினான்கு, பதினைந்து பிள்ளைகள். சிரியா, துருக்கி, ஜப்பான். அந்த வருடம் உக்ரைனிலிருந்து நிறையப் பேர் வந்திருந்தார்கள். முதல் மாதம் தினமும் அழுதுகொண்டு வந்தாள். மதியச் சாப்பாட்டுக்குக் கொடுத்த தயிர்சாதம் அப்படியே திரும்பி வந்தது. ரொட்டி போதும் என்றாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்த உக்ரைன் பெண்ணோடு சிநேகம் ஆனது. இருவருக்கும் பொதுவாக இருந்தது அந்த அரைகுறை டச்சு மட்டும்தான். அதிலேயே ரகசியம் பேசினார்கள், சிரித்தார்கள், கோபித்துக்கொண்டார்கள். நான் வாங்கித் தந்த எந்தப் பயிற்சிப் புத்தகமும் செய்யாததை அந்தப் பெண் செய்தாள்.

மார்ச்சில் பெற்றோர் சந்திப்பு. இங்கே அது பத்தே நிமிடம், கடிகாரம் பார்த்துத்தான் பேசுவார்கள். தொடக்கப் பள்ளியின் கடைசி வகுப்பான எட்டாம் வகுப்பில் என்ன நடக்கும் என்று ஆசிரியை ஒரு தாளில் வரைந்து காட்டினார். பதினொன்று, பன்னிரண்டு வயதில் பள்ளி ஒரு பரிந்துரை தரும். நான்கு வருடத் தொழிற்கல்விப் பாதையா, ஐந்து வருட ஹாவோவா, நேரே பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோகும் ஆறு வருட வே-வே-ஓவா என்று. பிறகு ஒரு பொதுத் தேர்வு உண்டு. ஆனாலும் ஆசிரியர்கள் பல வருடமாகப் பார்த்து எழுதும் பரிந்துரைக்குத்தான் கனம் அதிகம். "உங்கள் மகள் யோசிக்கும் வேகம் வேறு, டச்சில் சொல்ல முடிகிற வேகம் வேறு. இன்னும் இரண்டு வருடத்தில் அந்த இடைவெளி முழுதாக மூடுமா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது" என்றார். கீழ்ப் பாதையில் தொடங்கி மேலே ஏறிப்போனவர்கள் நிறைய உண்டு என்றும் சொன்னார். எதைத் தேர்ந்தெடுங்கள் என்று மட்டும் சொல்லவில்லை.

ஏப்ரலில் சர்வதேசப் பள்ளியிலிருந்து கடிதம்: இடம் இருக்கிறது, ஒரு வாரத்தில் பதில் சொல்லுங்கள்.

அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டில் தூக்கம் இல்லை. ஏழு மாதம் அழுது கற்ற மொழியைப் பாதியில் விடுவதா? மூன்று வருடத்தில் ஊருக்குத் திரும்பினால் அந்த டச்சால் அவளுக்கு என்ன பயன்? திரும்பாவிட்டால்? ஊரில் மாமனார் ஃபோனில், "இங்கிலீஷ்ல படிச்சா எங்க வேணாலும் போகலாம்ல" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பெரியவளிடம் கேட்டோம். "அங்க போனா கணக்குப் பாடத்துல கை தூக்க முடியும்மா" என்றாள். மொழி வகுப்பில் ஏழு மாதமாக அவள் கை தூக்கியதே இல்லை என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. சேர்த்துவிட்டோம்.

பள்ளி நல்ல பள்ளி, அதில் சந்தேகமே இல்லை. இரண்டே வாரத்தில் கை தூக்கினாள். ஆராய்ச்சிக் கட்டுரை மாதிரி வீட்டுப்பாடம் செய்கிறாள். இப்போது உயர்நிலைப் பிரிவில் ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) என்ற சர்வதேசப் பாடத்திட்டம். ஆனால் கட்டண அட்டவணையில் போடாத செலவு ஒன்று அங்கே உண்டு. ஒவ்வொரு ஜூனிலும் வகுப்பில் நான்கைந்து பேர் ஊரை விட்டுப் போய்விடுகிறார்கள். சிங்கப்பூர், டெக்ஸாஸ், டோக்கியோ. முதல் வருடம் கொரியத் தோழி போனாள். இரண்டாம் வருடம் பிரேசில் தோழி. மூன்றாம் வருடம் புதிதாக வந்த பெண்ணிடம் பேசுவதற்கு முன், "நீ எத்தனை வருஷம் இருப்ப?" என்று கேட்டதாக என்னிடம் சொன்னாள். அக்கா என்னிடம் கேட்ட அதே கேள்வி. பன்னிரண்டு வயதுப் பிள்ளை வாயிலிருந்து அதைக் கேட்கப் பொறுக்கவில்லை எனக்கு.

மூன்று வருடம் 2025 ஜூலையில் முடிந்தது. நாங்கள் போகவில்லை. இவருக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. சின்னவன் தெருவெல்லாம் தெரிந்தவன். நீச்சல் 'ஏ' சான்றிதழ் வாங்கிவிட்டான். வார இறுதியில் அவனை விளையாடக் கூப்பிட்டு வாசலில் மணி அடிக்கிறார்கள். பெரியவளுக்கு இந்தத் தெருவில் ஒரு சிநேகிதியும் இல்லை. பேக்கரியில் அவளுக்காகத் தம்பி டச்சில் பேசுவான், அவள் கொஞ்சம் தள்ளி நிற்பாள். ஒரே வீட்டில் நான் தமிழில் கேட்க, ஒன்று ஆங்கிலத்தில் பதில் சொல்லும், ஒன்று டச்சில் சொல்லும்.

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பதி ஃபோன் செய்தார்கள். ஜனவரியில் வருகிறார்களாம், பையனுக்கு ஆறு வயது. நான் தயங்காமல் டச்சுப் பள்ளி என்றேன். ஆறு வயதுக்கு மொழி ஒரு பாரமே இல்லை. இரண்டு வருடத்தில் திரும்பினாலும் நஷ்டம் ஒன்றும் இல்லை. பதினொரு வயது என்று சொல்லியிருந்தால், உறுதியாகத் திரும்புகிறீர்களா என்று முதலில் கேட்டிருப்பேன். திரும்புவதானால் ஆங்கில வழி. தெரியாது என்றால், ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தாலும் முதல் நாளிலிருந்து வெளியே டச்சு வகுப்பும் டச்சுப் பிள்ளைகள் விளையாடும் ஒரு சங்கமும், ஹாக்கியோ ஜிம்னாஸ்டிக்ஸோ, கட்டாயம் வேண்டும் என்பேன். பெரியவளுக்கு நாங்கள் அதைச் செய்யவில்லை. இரண்டு வருடம் கழித்துத்தான் தொடங்கினோம்.

அந்தக் கோயம்புத்தூர்ப் பெண் கேட்ட இன்னொரு விஷயம்: பொங்கலுக்குப் பத்து நாள் ஊருக்குப் போய் வரலாமா? முடியாது. விடுமுறைக்கு வெளியே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பயணம் போனால் அபராதம். தீபாவளி அன்று ஒரு நாள், முன்கூட்டியே எழுதித் தந்தால் விடுவார்கள். நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் என்றால் சில நாள், பத்திரிகையைக் காட்ட வேண்டும்.

பெரியவளின் அந்த உக்ரைன் தோழி மொழி வகுப்பு முடித்து டச்சுப் பள்ளிக்குப் போனாள், இப்போது ஹாவோவில் படிக்கிறாள். சனிக்கிழமைகளில் இருவரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆம்ஸ்டர்டாம்சே போஸ் காட்டுப் பக்கம் போகிறார்கள். திரும்பி வந்து வாசலில் நின்று நெடுநேரம் பேசுவார்கள். அந்த உக்ரைன் பெண்ணுக்கு இப்போது ஆங்கிலமும் நன்றாக வருகிறது. இருந்தாலும் இரண்டும் டச்சில்தான் பேசிக்கொள்கின்றன.