தடிப்புக் குறிப்புகள்

அக்டோபர் 20, ஞாயிறு
விடியற்காலை மூன்று மணிக்கு மறுபடி. பாவாடை நாடா இறுகிய இடத்தில் கயிறு திரித்தாற்போல ஒரு தடிப்பு, பிறகு தொடை, பிறகு காது மடல். காபி குடிப்பதற்குள் இடுப்பில் ஒன்றும் இல்லை. முதுகில் இருக்கிறது.

அக்டோபர் 21
கருவாடு இல்லை, இறால் இல்லை, கத்தரிக்காய் இல்லை. ரசமும் பீன்ஸ் பொரியலும்தான். பீன்ஸா?

அக்டோபர் 23
காணாக்கடிக்கு இதுதான் மருந்து என்று அத்தை வெற்றிலையில் மிளகு மடித்துக் கொடுத்தார். மென்றேன். கண்ணில் நீர் வந்தது, அரிப்பு அப்படியே இருக்கிறது. அவர் முகம் வாடிவிடும் என்று "கொஞ்சம் தேவலை அத்தை" என்றேன். நாளையும் கொடுப்பார்.

அக்டோபர் 25, வெள்ளி
தோல் மருத்துவர் என் முன்கையில் இருந்த ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டார். 24 மணி நேரத்துக்குள் தடம் தெரியாமல் மறைந்தால் கவலை இல்லையாம். அங்கேயே தங்கி, எரிந்து, கன்றிய கறை விட்டால் இரத்தக்குழாய் அழற்சியா என்று பார்க்கத் தோலிலிருந்து துணுக்கு எடுக்க வேண்டுமாம். ஆறு வாரம் தாண்டிவிட்டதால் இது நாள்பட்டது. பலருக்கு வெளியில் காரணம் எதுவும் அகப்படாது, உடம்பின் எதிர்ப்பாற்றலே தோலுக்கடியில் உள்ள மாஸ்ட் செல்களைச் சீண்டி, அரிப்பையும் தடிப்பையும் கிளப்பும் ஹிஸ்டமினைக் கொட்ட வைக்கிறது என்றார். பீன்ஸைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உணவு ஒவ்வாமைக்கென்று ஆய்வகங்கள் விற்கும் பெரிய பரிசோதனைத் தொகுப்பு வேண்டாம், தைராய்டு மட்டும் பார்த்தால் போதும் என்றார். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் தொடக்கூடாது. வலித்தால் பாராசிட்டமால்.

அக்டோபர் 26
வட்டம் காலி. வட்டத்துக்கு வெளியே புதிதாக இரண்டு.

அக்டோபர் 29
அரிப்புக்கு எழுதிக் கொடுத்த பிலாஸ்டின் மாத்திரையை வெறும் வயிற்றில் போட வேண்டும், பழச்சாறோடும் கூடாது. அரித்தால் மட்டும் போடுங்கள் என்கிறார் மருந்துக் கடைக்காரர். அரிக்காத நாளிலும் போட வேண்டும் என்றுதான் சீட்டில் இருக்கிறது. "டென்ஷன் ஆகாதே, தானாகப் போய்விடும்" என்கிறார் என் கணவர். இரவெல்லாம் சொறிந்துவிட்டு டென்ஷன் ஆகாமல் இருப்பது எப்படி என்று அவரே உட்கார்ந்து காட்டட்டும்.

அக்டோபர் 31, தீபாவளி
பட்டுப் புடவை பெட்டியிலேயே இருக்கிறது. பழைய பருத்தி நைட்டி. அதிரசம், முறுக்கு, ரிப்பன் பக்கோடா எல்லாம் சாப்பிட்டேன். ஒரு தடிப்பு இல்லை!

நவம்பர் 1
அதிரசமா?

நவம்பர் 4
இரவு மேலுதடு வீங்கிவிட்டது. நாக்கு தடித்தால், குரல் கம்மினால், மூச்சு இழுத்தால், தலை சுற்றினால் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். குரல் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க ஏழாம் வகுப்பு வருகைப் பதிவேட்டை மனப்பாடமாகச் சத்தமாகச் சொன்னேன். இவர் பதறி எழுந்தார். இரண்டாம் முறை சொன்னபோது அத்தையும் வந்துவிட்டார். விடியும்வரை மூவரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். குரல் மாறவில்லை. காலையில் வீக்கம் பாதி.

நவம்பர் 8, வெள்ளி
தைராய்டு வேலையைக் காட்டும் டிஎஸ்எச் சரி, தைராய்டையே தாக்கும் எதிர்ப்பான்கள்தான் அதிகம். இப்போதைக்கு அதற்கு மாத்திரை தேவையில்லை, அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம். பிலாஸ்டின் இனி காலை ஒன்று, இரவு ஒன்று. மருத்துவர் மேற்பார்வையில் நான்கு மடங்கு வரை போகலாமாம். அதற்கும் அடங்காவிட்டால் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஓமலிசுமாப் ஊசி. விலையைக் கேட்டதும் கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். ஸ்டீராய்டு போட்டால் ஒரே நாளில் அடங்குமே என்று ஆசிரியர் அறையில் சொன்னதையும் கேட்டேன். அடங்கும், ஆனால் நிறுத்தினால் திரும்பும், நீண்ட நாள் போட்டால் சர்க்கரையும் எலும்புத் தேய்மானமும் வரும் என்றார். தினமும் மதிப்பெண் போடச் சொல்லியிருக்கிறார். தடிப்புக்கு 3 வரை, அரிப்புக்கு 3 வரை. எனக்கு மதிப்பெண் போடச் சொல்லியா தர வேண்டும்?

நவம்பர் 9
5.

நவம்பர் 10
2. தூங்கினேன்.

நவம்பர் 11
0. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கண் பட்டுவிடும்.

நவம்பர் 13
3. பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன், பை வார் தோளை அழுத்தியது. அப்போது ஒன்றுமில்லை. மாலையில் அதே இடத்தில் வார் அகலத்துக்குத் தடித்து வலிக்கிறது. அழுத்தத்தால் வருவது சில மணி நேரம் கழித்துத்தான் எழும்புமாம். அப்படியானால் அன்றைய பாவாடை நாடாவும்...