எலும்பு முறிந்த பிறகு ஏறும் செலவு

எலும்பின் அடர்த்தி குறைந்து அது எளிதில் முறியும்படி ஆகிவிடும், முதுமையில் வரும் எலும்புப்புரை நோயின் செலவைப் பற்றிப் பேசத் தொடங்கினால், பேச்சு பெரும்பாலும் மாத்திரை விலையோடு நின்றுவிடுகிறது. எங்கள் குடும்பத்து மூத்தவர் ஒருவரின் மருத்துவக் கணக்கை எழுதிவருபவன் என்ற முறையில் எனக்கு இதில் உடன்பாடில்லை. இந்த நோயில் பணத்தைப் பெரிதாக விழுங்குவது மருந்து அல்ல, எலும்பு முறிவுதான்.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளோடு பிரிட்டனையும் சுவிட்சர்லாந்தையும் சேர்த்து 2019ஆம் ஆண்டுக்குப் போடப்பட்ட கணக்கு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. எலும்புப்புரைக்கு ஆன மொத்தச் செலவு சுமார் 5,690 கோடி யூரோ. அதில் பரிசோதனைக்கும் மருந்துக்கும் சேர்த்துச் செலவானது ஏறத்தாழ 160 கோடி மட்டுமே, அதாவது நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. மீதி முழுவதும் அந்த ஆண்டில் நேர்ந்த முறிவுகளுக்கும், முந்தைய ஆண்டுகளின் முறிவுகள் விட்டுச்சென்ற இயலாமைக்கும் போயிற்று.

இடுப்பெலும்பு முறிவை எடுத்துக்கொண்டால், அறுவை சிகிச்சைக்கான கட்டணம் ஒரே ரசீதில் வந்துவிடுவதால் அது கண்ணில் படுகிறது. ஆனால் அதன் பிறகு மாதக்கணக்கில் தொடரும் பிசியோதெரபி, வாக்கர், கழிப்பறையில் பொருத்த வேண்டிய கைப்பிடிகள், இரவில் துணைக்கு வைக்கும் ஆள், வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்க நேரும் மகளின் அல்லது மருமகளின் இழந்த சம்பளம் ஆகியவற்றை எந்த மருத்துவமனையும் கூட்டிக் காட்டுவதில்லை. அந்தக் கடைசி இனத்தைச் செலவு என்று ஒப்புக்கொள்ளவே பல குடும்பங்கள் தயங்குகின்றன. முறிவுக்கு முன்பிருந்த நடமாட்டம் பலருக்கு முழுமையாகத் திரும்புவதில்லை என்பதால், இந்தச் செலவுக்கு முடிவுத் தேதியும் இருப்பதில்லை.

முதுகெலும்பு முறிவு வேறு விதமானது. அது பெரும்பாலும் முறிவு என்றே கண்டறியப்படுவதில்லை. வயதானால் வரும் முதுகுவலி என்று எண்ணித் தைலத்துக்கும் வலிநிவாரணிக்கும் பணம் போய்க்கொண்டிருக்க, உயரம் குறைந்து கூன் விழுந்த பிறகே படம் எடுக்கிறார்கள்.

ஒரு முறை முறிந்தவருக்கு மீண்டும் முறியும் வாய்ப்பு, குறிப்பாக அடுத்த இரண்டு ஆண்டுகளில், மிக அதிகம். அப்படியிருந்தும் அறுவை சிகிச்சையைப் பக்கம் பக்கமாக விவரிக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியில் எலும்பு அடர்த்திப் பரிசோதனையைப் பற்றியோ, எலும்புப்புரை மருந்தைப் பற்றியோ ஒரு வரிகூட இல்லாமல் போவது சாதாரணமாக நடக்கிறது. தட்டையும் திருகாணியையும் வைத்துப் பொருத்திய எலும்பு எதனால் முறிந்தது என்று கேட்காமலே வீட்டுக்கு அனுப்புவதை என்னால் சிக்கனம் என்று சொல்ல முடியவில்லை.

மருந்துகளில் அலெண்ட்ரோனேட் காப்புரிமை முடிந்த பழைய மாத்திரை என்பதால் விலை குறைவு. வாரம் ஒரு முறை, வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். இந்தக் கட்டுப்பாடும் வயிற்று எரிச்சலும் சேர்ந்து, பலர் ஓராண்டுக்குள்ளேயே அதை நிறுத்திவிடுகிறார்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, சிறுநீரகம் நன்றாக இருந்தால், ஆண்டுக்கு ஒரு முறை ரத்தக்குழாய் வழியே ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம் உண்டு.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் டெனோசுமாப் ஊசியில்தான் பணத்தைப் பற்றி முன்கூட்டியே யோசிக்க வேண்டியிருக்கிறது. அது நன்றாக வேலை செய்யும் மருந்து. ஆனால் கையில் பணமில்லை என்று ஒரு தவணையைத் தள்ளிப்போட்டாலோ, மாற்று மருந்து இல்லாமல் நிறுத்தினாலோ, சேர்ந்த அடர்த்தி விரைவாகக் கரைந்து, சிலருக்கு முதுகெலும்பில் ஒன்றுக்கு மேற்பட்ட முறிவுகள் அடுத்தடுத்து ஏற்படுகின்றன. ஆகவே முதல் ஊசிக்கு முன்பே, எத்தனை ஆண்டுகள் போட வேண்டியிருக்கும், நிறுத்தும்போது எந்த மருந்துக்கு மாற வேண்டும், அதற்கு என்ன செலவாகும் என்ற மூன்றையும் மருத்துவரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.